ஒத்தை வயர்

"கேக்குதா? நான் பேசுறது கேக்குதா?"

2020 ஜூலை தொடங்கி செப்டம்பர் வரை என் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை இதுதான். அடுத்த இடம் "ஸாரி"க்கு. ஐந்து பிள்ளைகள் ஐந்து சின்னக் கட்டங்களுக்குள் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பின்னங்களைக் கூட்டும்போது பகுதிகளை ஏன் சமமாக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். திடீரென்று ஒரு பையனின் கை காதுக்குப் போன வழியிலேயே நின்றுவிடும். இன்னொருத்தி கண்ணைப் பாதி மூடியபடி உறைந்திருப்பாள். இணைப்பு போய்விட்டது என்று தெரிந்துகொள்வேன். அவர்கள் திரையில் நானும் அப்படித்தான் வாயைத் திறந்தபடி நின்றிருப்பேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். அம்மா இருபத்திரண்டு வருடமாகத் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிறவர். வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மரச்சட்டங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாகப் படுக்கவைத்து, மருந்து முக்குவதற்குத் தயார் செய்கிற வேலை. அப்பாவும் அங்கேயே லோடு ஏற்றுகிறவர். மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்ததும் ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் பி.எட். முடித்து ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். ஏப்ரலில் அந்தச் சம்பளமும் நின்றது. அந்த ஏப்ரலில்தான் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே பெருமைப்பட வேண்டிய செய்தி. கடைகள் அடைத்துக் கிடந்ததால் வாய்விட்டுச் சொல்லிச் சந்தோஷப்படக்கூட ஆள் இல்லை.

இணையத்தில் டியூஷன் நடத்தும் ஒரு நிறுவனம் ஆள் எடுக்கிறது என்று தோழி சொன்னாள். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை. மாலை 5 முதல் 7 வரை இரண்டு வகுப்பு, வகுப்புக்கு 150 ரூபாய். லேப்டாப் கட்டாயம் வேண்டும். அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்தார். ஜூனில் பேருந்து கொஞ்ச நாள் ஓடியதே, அப்போது கோவில்பட்டிக்குப் போய் ஒரு பழைய லேப்டாப் வாங்கி வந்தேன். 11,500 ரூபாய். புதிதாக இருந்த காலத்திலேயே விலை குறைந்த மாடல்தான் அது. மூடியின் இடது கீல் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. திறக்கும்போது ஒரு நெரிபடும் சத்தம் வரும். பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. வானொலி அலைகளைத் தகரம் உள்ளே விடாது, திருப்பி அனுப்பிவிடும். அதனால் கூரைக்குக் கீழே செல்போனில் டவர் ஒரு கோடுகூட நிற்காது. வாசல் வேப்பமரத்தில் ஒரு மஞ்சள் பையைக் கட்டி, அதற்குள் போனைப் போட்டு ஹாட்ஸ்பாட் வைத்தோம். மரத்துக்கும் நான் உட்காரும் இடத்துக்கும் இருபதடி. போனிலிருந்து வயர் இழுத்து நேராக லேப்டாப்பில் செருகலாம்தான், எங்களிடம் இருந்த வயர் ஒரு முழம். வீட்டில் இருந்த ஒரே பிளக் பாயின்ட் உள்சுவரில். ஆக, நான் உட்காரும் இடத்தை பிளக்கும் போன் தொங்கும் இடத்தை டவரும் முடிவு செய்தன. நடுவில் அந்த இருபதடியை வைஃபைதான் கடக்க வேண்டும்.

காலையில் சோதித்துப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கும். தங்கை மணிக்கணக்கில் பாட வீடியோ பார்ப்பாள். மாலை ஐந்து மணி ஆனதும் தொல்லை தொடங்கும். ஐந்து நிமிடம் ஓடும், மூன்று நிமிடம் நிற்கும். மொத்தமாகப் பத்து நிமிடத்துக்குமேல் தடைப்பட்டால் அந்த வகுப்புக்குப் பணம் கிடையாது என்பது நிறுவனத்தின் விதி. ஆகஸ்டில் 48 வகுப்பு எடுத்தேன். 29-க்குத்தான் பணம் வந்தது.

உதவி எண்ணுக்குப் போன் செய்தால், "உங்க ஏரியால நெட் வீக்கா இருக்கு மேடம், பெரிய பிளானுக்கு மாறுங்க" என்பார்கள். மாறினேன். வேறு கம்பெனி சிம் வாங்கினேன். ராத்திரி டேட்டா தீர்ந்து எக்ஸ்ட்ரா பேக் போட்டேன். சாயங்காலம் ஊர் முழுக்கப் போனும் கையுமாக உட்கார்வதால் டவரில் நெரிசல் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். நியாயமாகப் பட்டது, அந்த வருடம் எல்லா ஊரிலும் அந்த நெரிசல் இருந்தது. அப்பா வேறொன்றைக் கவனித்திருந்தார். மேகம் போட்ட நாளில் வகுப்பு தடையில்லாமல் நடக்கிறது, சுள்ளென்று வெயில் அடித்த நாளில் அறுபடுகிறது. "வெக்கையில டவரு மிஷினு சூடாயிருதும்மா" என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. ஆனால் அப்பா பார்த்தது உண்மை. காரணம் மட்டும்தான் வேறு.

ஒரு பெற்றோர் எழுதியிருந்த கருத்தை நிறுவனம் எனக்கு அனுப்பியது. "டீச்சர் பாதி நேரம் காணாமல் போய்விடுகிறார்." அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. நான் எங்கும் போகவில்லை. ஒவ்வொரு முறையும் அதே பாயில் அதே இடத்தில் உட்கார்ந்து, நின்றுபோன பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, கேக்குதா கேக்குதா என்று கத்திக்கொண்டிருந்தேன். இதை யாரிடம் சொல்வது? விலை குறைந்த பொருளை வைத்திருப்பவர்களுக்கு இப்படித்தான் ஆகிறது. பொருளின் குறை எதிரில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. ஆளின் குறையாகத்தான் தெரிகிறது. சிரத்தை இல்லாதவள், நேரம் தவறுகிறவள், பாதியில் விட்டுப் போகிறவள். கொஞ்ச நாளில் நானே அதை நம்பத் தொடங்கியிருந்தேன்.

கோயம்புத்தூரில் ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் கேபிள் இழுக்கும் வேலை பார்த்த என் பெரியம்மா மகன்தான் முதன்முதலில் எனக்கு ஒரு வழி காட்டினார். "இன்டர்நெட் போச்சுன்னு மொத்தமாச் சொல்லாத. எந்த இடத்துல அறுந்திருக்குன்னு பாரு. உன் லேப்டாப்ல இருந்து மரத்துல தொங்குற போன் வரைக்கும் ஒரு கண்ணி. போன்ல இருந்து டவர் ஒரு கண்ணி. டவருக்கு அங்கிட்டு ஒரு கண்ணி. ஒவ்வொண்ணாத் தட்டிப் பாரு."

லேப்டாப்பில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து பிங் என்று அடித்து எண்ணைக் கொடுக்கச் சொன்னார். கிணற்றுக்குள் கல்லைப் போட்டுச் சத்தம் கேட்கிற மாதிரிதான் அது. அந்த எண்ணுக்கு ஒரு சின்னச் செய்தி போகும், பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று காட்டும். வெளியுலகத்துக்கு 8.8.8.8. எங்கள் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு 192.168.43.1. மறுநாள் மாலை வகுப்பு அறுந்தவுடன் முதலில் வெளியுலகத்தைத் தட்டினேன். பதில் இல்லை. போனைத் தட்டினேன். ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட். மறுபடி தட்டினேன், அதேதான். தங்கை ஓடிப்போய் மஞ்சள் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். அதில் வீடியோ தடையில்லாமல் ஓடியது.

பாயில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதமாக நான் பணம் கட்டியதெல்லாம் டவருக்கு. அறுந்திருந்ததோ இருபதடிக்குள், என் வீட்டு வாசலில்.

கோயம்புத்தூர் அண்ணன் போனிலேயே இன்னும் சிலவற்றைச் செய்யச் சொன்னார். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக வைஃபையைத் தானாக அணைத்துக்கொள்ளும் ஓர் அமைப்பு விண்டோஸில் உண்டு. அந்த டிக்கை எடுத்தேன். டிரைவரை நீக்கி மறுபடி போட்டேன். ஒன்றும் மாறவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் கூட்டமாக இருக்குமோ என்று கேட்டார். அந்த அலைவரிசைக்கு இந்தியாவில் 2005-லிருந்து உரிமம் தேவையில்லை என்பதால் வைஃபை, புளூடூத் என்று எல்லாமும் அதில்தான் முட்டிக்கொள்கின்றன. அடுக்குமாடி வீடுகளில் அது பெரிய தொல்லை. எங்கள் தெருவில் ஹாட்ஸ்பாட் வைத்திருந்தது இரண்டே பேர், அதில் ஒன்று எங்களுடையது.

கண்டுபிடித்தது தங்கை. அந்த வருடம் தேர்வே எழுதாமல் பத்தாம் வகுப்பு தேறியவள் அவள். ஜூன் 9-ஆம் தேதி அரசு தேர்வை ரத்து செய்து எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்துவிட்டது. அதற்காகப் படித்ததெல்லாம் என்ன ஆவது என்று ஒரு வாரம் அழுதாள். பிறகு வேறு வேலையில்லாமல் என் வகுப்பு நேரத்தில் கதவோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அக்கா, நீ மூடியச் சாய்ச்சாத்தான் போகுது."

"என்னது?"

"அஞ்சு மணிக்கு அந்தச் சன்னல் வழியா வெயில் திரையில விழும். உனக்குப் பிள்ளைக முகம் தெரியாது. நீ திரையப் பின்னாடி தள்ளுவ. அடுத்த நிமிசம் கட் ஆகும். மேகமா இருந்தா வெயில் விழாது, நீ தள்ளவும் மாட்ட, கட் ஆகவும் ஆகாது."

சன்னலைச் சாத்த முடியாது, சாத்தினால் தகரத்தடியில் வெந்துபோவோம். அதனால் திரையைத் தள்ளினேன். அப்படித் தள்ளியது எனக்கே தெரியாது, கை தானாகச் செய்த காரியம் அது. அப்பா சொன்ன வெயிலும் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன சாயங்காலமும் அவள் வாயில் ஒன்றாக வந்து சேர்ந்தன.

வகுப்பு முடிந்ததும் சோதித்தோம். சிக்னல் எத்தனை விழுக்காடு என்று காட்ட விண்டோஸில் ஒரு கட்டளை உண்டு: நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ். ஒருமுறை அடித்துவிட்டால் போதும், பிறகு மேல் அம்புக்குறியும் என்டரும் அழுத்த அழுத்தப் புது எண் வரும். என் ஜியாமெட்ரிப் பெட்டியிலிருந்து கோணமானியை எடுத்துக் கீலோரம் வைத்துக்கொண்டேன். நான் மூடியை நகர்த்திக் கோணம் சொல்ல, அவள் என்டர் அழுத்தி எண்ணைச் சொன்னாள். 90 பாகையில் 86. 100-ல் 85. 110-ல் 84. 118-ல் 22. 120-ல் 14. அதற்குமேல் எண்ணே வரவில்லை. திரும்ப 110-க்குக் கொண்டுவந்தால் மூச்சு வந்த மாதிரி 83. மூன்று தடவை செய்தோம். ரஃப் நோட்டில் அட்டவணை போட்டு எழுதினாள். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்த எண்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஆத்திரம் வந்தது. இரண்டு மாதம் எத்தனை பேரிடம் ஸாரி சொல்லியிருக்கிறேன்!

செப்டம்பர் 1 முதல் மாவட்டத்துக்குள் மறுபடி பேருந்து ஓடியது. முதல் வாரமே கோவில்பட்டிக்குப் போனேன். வாங்கிய கடைக்குப் போகவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சந்தில் ஓர் அண்ணாச்சி ரிப்பேர் பார்ப்பார் என்று சொன்னார்கள். ரஃப் நோட்டை நீட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுக்கப் படித்தார். "வர்றவங்க எல்லாம் நெட் வரலன்னுதாம்மா சொல்வாங்க. எந்தக் கோணத்துல வரலன்னு இதுவரைக்கும் யாரும் எழுதிட்டு வந்ததில்ல" என்றார்.

அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றி ஒரு காந்தத்தில் ஒட்டவைத்தார். பழைய சிம் அட்டையை இடுக்கில் நுழைத்து ஓரமாக இழுக்க, டப் டப்பென்று மூடி விடுபட்டது. முதலில் பேட்டரியின் செருகியை எடுத்தார். பிறகு வைஃபை அட்டையைக் காட்டினார். தபால்தலை மாதிரி ஒரு பச்சைத் தகடு. அதன் மூலையில் இரண்டு பித்தளை முனைகள், ஒவ்வொன்றும் தீக்குச்சியின் மருந்துத் தலை அளவு. ஒன்றின்மேல் குட்டித் தொப்பிபோல் ஒரு வயர் உட்கார்ந்திருந்தது. மற்றது காலி.

"ஒத்த வயருதாம்மா. செஞ்சவன் ரெண்டாவது வயரப் போடாம மிச்சம் புடிச்சிருக்கான்."

அந்த வயர் தீக்குச்சியில் பாதிப் பருமன்கூட இருக்காது. அட்டையிலிருந்து கிளம்பி, ஓரமாக ஓடி, இடது கீலுக்குள் புகுந்து, மூடியின் உச்சிவரை போகிறது. ஏரியல் இருப்பது அங்கேதான், திரைக்கு மேலே, பிளாஸ்டிக் சட்டத்துக்குப் பின்னால். கீலைப் பிரித்தார். நெரிபடும் சத்தம் வந்த இடம். அங்கே வயரின் தோல் நசுங்கித் தட்டையாகியிருந்தது. பிளேடால் கீறிக் காட்டினார். கறுப்புத் தோலுக்குள் பின்னல் போட்ட கம்பி வலை, அதற்குள் வெள்ளை உறை, அதன் நடுவே முடி மாதிரி ஒரே ஒரு கம்பி. அந்தக் கம்பி துண்டாகியிருந்தது. மூடி ஒரு கோணத்தில் இருக்கும்போது இரண்டு நுனியும் தொட்டுக்கொள்ளும். சாய்த்தால் விலகும்.

விலை கூடிய லேப்டாப்பில் இரண்டு ஏரியல், இரண்டு வயர் இருக்கும். ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். வேகம் கொஞ்சம் குறையும், வாங்கியவருக்கு அறுந்ததே தெரியாது. இதை அண்ணாச்சி சொன்னபோது அந்தக் காலி முனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரை எத்தனை அங்குலம், மெமரி எத்தனை ஜி.பி. என்று பெட்டிமேல் எழுதுவார்கள். இரண்டாவது வயர் இல்லை என்று எழுத மாட்டார்கள். வாங்குகிறவர் பார்க்க மாட்டார் என்று தெரிந்த இடத்தில்தான் கையை வைக்கிறார்கள். அதனால் மிஞ்சுவது எத்தனை ரூபாயோ எனக்குத் தெரியாது. என் பக்கம் போனது ஆகஸ்டில் மட்டும் 19 வகுப்பு.

செத்துப்போன வேறொரு லேப்டாப்பிலிருந்து ஏரியலோடு ஒரு வயரை எடுத்துப் போட்டார். ஏரியல் என்பது ஒரு சின்னத் தகடு, தீக்குச்சியைவிடக் கொஞ்சம் குட்டை. இவ்வளவு சின்னதா என்று கேட்டேன். "அலைக்குத் தக்கன அளவும்மா" என்றார். திரும்பி வரும் பேருந்தில் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒளியும் வானொலி அலையும் விநாடிக்கு 30 கோடி மீட்டர் போகும். வைஃபை அலை விநாடிக்கு 240 கோடி தடவை துடிக்கும். 30-ஐ 240-ஆல் வகுத்தால் எட்டில் ஒரு பங்கு. ஆக ஓர் அலையின் நீளம் எட்டில் ஒரு மீட்டர், பன்னிரண்டரை சென்டிமீட்டர். ஏரியலுக்குப் பெரும்பாலும் அதில் கால் பங்கு போதும். மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அந்த வாரமே பிள்ளைகளுக்கு இதைப் பின்னக் கணக்காகக் கொடுத்தேன். காதைச் சொறிவானே, அந்தப் பையன்தான் முதலில் போட்டான். ஒரு தடவைகூட அறுபடாத வகுப்பு அது.

கூலி 350 ரூபாய். "ரெண்டாவது வயரும் போட்டுறலாம்மா, இன்னொரு 300 ஆகும்" என்று அண்ணாச்சி கேட்டிருந்தார். பையில் 400 ரூபாய் இருந்தது, பேருந்துக்கும் வேண்டும். அடுத்த தடவை பார்க்கலாம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எட்டு மாதம் ஓடியது. 2021 மே 10-ஆம் தேதி மறுபடி முழு ஊரடங்கு. அடுத்த வாரம் ஒருநாள் மதியம் லேப்டாப்பைத் தூக்கி வைக்கும்போது உள்ளே ஏதோ இழுபட்ட மாதிரி இருந்தது. கட்டளையை அடித்துப் பார்த்தேன். 9 விழுக்காடு. எந்தக் கோணத்தில் வைத்தாலும் 9. அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். கடை திறக்க முடியாதும்மா, நீயே பாத்திருவ, நான் சொல்லச் சொல்லச் செய் என்றார். திருகாணிகளைக் கழற்றினேன். பேட்டரிச் செருகியை எடுத்தேன். வயர் அறுபடவில்லை, தொப்பிதான் முனையைவிட்டுக் கழன்று கிடந்தது. நேராக வைத்து அழுத்தினால் உட்கார்ந்துவிடும், சாய்வாக அழுத்தினால் முனை நசுங்கி அட்டையே வீணாகிவிடும் என்று எச்சரித்தார்.

அரைமணி நேரம் முயன்றேன். விரல் வியர்த்து வழுக்கியது. தொப்பி ஒவ்வொரு தடவையும் பக்கவாட்டில் நழுவியது. மணி நாலரை.

அம்மா முற்றத்திலிருந்து வந்தார். ஆபீஸ் மூடி அவரும் வீட்டில்தான் இருந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"தள்ளு. இங்கிட்டுக் கொண்டா."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். வயரைக் கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, குச்சியைப் பிடிக்கிற மாதிரி பிடித்தார். தொப்பியை முனைமேல் வைத்தார். அழுத்தவில்லை. முகத்தை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தபடி நுனிவிரலால் அதை இப்படியும் அப்படியும் லேசாக அசைத்தார். பள்ளத்தில் குச்சி சேர்ந்ததா என்று கட்டை அடுக்கும்போது பார்க்க மாட்டார், தடவித்தான் தெரிந்துகொள்வார். அதே விரல். பிறகு ஒரே அழுத்து. நகம் சொடுக்கின மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

"உக்காந்துருச்சு."

பேட்டரியைச் செருகி, லேப்டாப்பைக் கூடாரம்போல் கவிழ்த்து நிறுத்தி இயக்கினேன். தங்கை என்டரைத் தட்டினாள். 91. ஐந்து மணிக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. நான் திருகாணிகளைப் பொறுக்கத் தொடங்கினேன். அம்மா மட்டும் எழுந்திருக்காமல் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து முனையை விரலால் தொட்டுக் கேட்டார்.

"இது ஏன் சும்மா கெடக்கு?"